ஓ-பேராக ஜெர்மனி போகிறீர்களா? கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நான் கிளம்பிய 2023இல், எனக்குத் தெரிந்து எங்கள் தங்கச்சிமடத்தில் ஓ-பேர் (au pair) என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்களே கிடையாது. துபாய், சவூதி என்றால் தெருவுக்கு நாலு பேர் வழி சொல்வார்கள். கீழக்கரைப் பக்கம் போனால் வளைகுடாவில் ஆள் இல்லாத வீட்டைத் தேட வேண்டும். ஜெர்மனியில் ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, அவர்களுடைய மொழியையும் வாழ்க்கையையும் தெரிந்துகொள்ளும் இந்த ஓ-பேர் திட்டம் என்றால் யாரிடம் போய்க் கேட்பது? கேட்க ஆள் இல்லாமல் போனதில் ஒரு லட்சத்துக்கு மேல் பணம் வீணானது, ஒரு குளிர்காலம் முழுக்க நிம்மதி போனது. இப்போது நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் ஜெர்மன் படிக்கிறார்கள். என்னிடமும் வந்து கேட்கிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து சொல்வதையெல்லாம் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் திட்டத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் என்னை அனுப்பிய ஏஜென்ட் இதைத்தான் கடைசி வரை தெளிவாகச் சொல்லவில்லை. ஓ-பேர் என்பது வேலை விசா அல்ல, கலாச்சாரப் பரிமாற்றம். 18 வயது முடிந்து 27 ஆகாதவர்கள் விண்ணப்பிக்கலாம், ஆண்களும் போகலாம். ஜெர்மன் மொழி ஏ1, அதாவது முதல் நிலை அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் ஒரு வருடம். தனி அறை, சாப்பாடு, காப்பீடு மூன்றும் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. அறை என்றால் குறைந்தது 8 சதுர மீட்டர், ஜன்னலும் ஹீட்டரும் இருக்க வேண்டும். கைச்செலவுக்கு நான் போனபோது மாதம் 280 யூரோ, அன்றைக்கு நம் பணத்தில் ஏறக்குறைய 25 ஆயிரம். மொழி வகுப்புக்கு மாதாமாதம் ஒரு தொகை தனி. பதிலுக்கு நாம் ஒரு நாளைக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரம் தாண்டாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, வீட்டில் சில்லறை வேலைகளில் கை கொடுக்க வேண்டும். இரவில் பிள்ளைகளுக்குக் காவல் இருப்பதும் இந்த 30 மணிக்குள்தான் வரும். வாரம் ஒன்றரை நாள் ஓய்வு, மாதத்தில் ஒரு ஞாயிறாவது முழு ஓய்வு, வருடத்துக்கு நாலு வாரம் லீவு. லீவிலும் உடம்பு முடியாத நாளிலும் கைச்செலவுப் பணத்தில் கை வைக்கக் கூடாது. சாப்பாட்டுக்கு என்றும் பிடிக்கக் கூடாது.

எங்கள் அப்பா விசைப்படகுக்குப் போகிறவர். அம்மாவுக்கு மல்லிகை நாற்றுப் பண்ணையில் வேலை. ஏஜென்ட் பணம் கேட்டது மே மாதத்தில். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், படகெல்லாம் கரையில் நிற்கும், அப்பா கையில் ஒரு ரூபாய் வராது. "இந்த வாரம் கட்டலேன்னா அந்தக் குடும்பம் வேற பொண்ணை எடுத்துக்கும்" என்று தினமும் போன் போட்டு நெருக்கினார்கள். அம்மாவின் செயினையும் வளையலையும் அடகு வைத்து 1,40,000 ரூபாய் கட்டினோம். ரசீது கேட்டதற்கு "நம்பிக்கைதாம்மா முக்கியம்" என்றார்கள். சென்னையில் ஹாஸ்டலில் தங்கி ஏ1 படித்தது, மாக்ஸ் முல்லர் பவனில் பரீட்சை எழுதியது, 75 யூரோ விசா கட்டணம், விமான டிக்கெட் எல்லாம் அதற்கு மேல். போகும் டிக்கெட் நம் செலவுதான், அது எல்லோருக்கும் அப்படித்தான். ஆனால் அந்த 1,40,000? ஜெர்மனியில் இருக்கும் ஒரு ஏஜென்சி, ஓ-பேராக வரும் பிள்ளையிடம் அதிகபட்சம் 150 யூரோதான் வாங்கலாம் என்று அங்கே சட்டமே இருக்கிறது. அன்றைக்கு நம் பணத்தில் 15 ஆயிரத்துக்குள். இதை அங்கே போன பிறகு ஒருவர் சொல்லக் கேட்டபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. அம்மாவின் வெறும் கழுத்துதான் கண்ணுக்குள் நின்றது.

நடுவில் ஆளே தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ரால் (RAL) என்ற தரச்சான்று வாங்கிய ஓ-பேர் ஏஜென்சிகள் இருக்கின்றன, நேராக அவற்றுக்கே எழுதலாம். குடும்பம் அழைப்புக் கடிதமும், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும் அனுப்பினால், ஏ1 சான்றிதழையும் சேர்த்துச் சென்னையிலேயே நீங்களே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். நான் அந்த வரிசையில் நின்றபோது ஏஜென்ட் பக்கத்தில்கூட இல்லை, எல்லாத் தாளையும் நிரப்பியது நான்தான். இன்னொன்று, "ஜெர்மனியில தமிழ்க் குடும்பம் இருக்கு, அங்கேயே விடுறோம், சோறு கொழம்பு சாப்பிடலாம்" என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். அந்த வீட்டில் பேசுகிற மொழி ஜெர்மனாக இருக்க வேண்டும். தாய்மொழி வேறாக இருந்து வீட்டில் மட்டும் ஜெர்மன் பேசுகிற குடும்பம் என்றால், அவர்கள் எந்த நாட்டிலிருந்து வந்தவர்களோ அதே நாட்டுப் பிள்ளையை எடுக்க முடியாது. சொந்தக்காரர் வீட்டுக்கும் ஓ-பேராகப் போக முடியாது.

செப்டம்பரில் கிளம்பினேன். அப்போது பாம்பன் ரயில் பாலம் மூடிக் கிடந்ததால் ராமநாதபுரம் வரை பஸ்ஸில் போய் ரயில் ஏறி, சென்னையில் விமானம் பிடித்தேன். போன இடம் ஹெஸ்ஸன் மாநிலத்தில் கஸ்ஸல் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அந்த வீட்டு அம்மாவும் அப்பாவும் பிள்ளைகளும் ரயில்வே ஸ்டேஷனுக்கே வந்திருந்தார்கள். ஐந்து வயதுப் பையன், இரண்டு வயது ஆகாத பெண் குழந்தை. பையன் என் பெயரை எழுதிப் பக்கத்தில் ஒரு மீன் வரைந்து வைத்திருந்தான், நான் கடற்கரை ஊர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என்னை மாடியில் நல்ல அறையில் வைத்தார்கள். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார்கள், எனக்கு வாய் வரவேயில்லை, கொஞ்ச நாள் கிட்டப் போய் நின்றே பேசினேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ரொட்டி, சீஸ், வெள்ளரிக்காய், அவ்வளவுதான் ராச்சாப்பாடு. அடுப்பே பற்றாது. இரவு பத்து மணிக்கு எனக்குப் பசி வயிற்றைக் கிள்ளும். இதை வெட்கப்படாமல் முதல் வாரமே சொல்லிவிடுங்கள். நான் ரொம்ப நாள் தயங்கிவிட்டுச் சொன்னபோது, "இதை ஏன் சொல்லவில்லை" என்று அவர்கள்தான் வருத்தப்பட்டு, மறுநாளே ஐந்து கிலோ அரிசி வாங்கி வந்தார்கள்.

சாப்பாடு என்றதும் கருவாட்டைச் சொல்லாமல் விட முடியாது. இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குள் இறைச்சியும் பால் சார்ந்த பொருளும் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா எல்லாம் விமான நிலையத்திலேயே போய்விடும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் கேட்பார்கள், காய வைத்துப் பொடியாக்கிக் கொண்டுபோவது நல்லது. மீனுக்கு அந்தத் தடை இல்லை, சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை கொண்டுபோகலாம். அம்மா நெத்திலிக் கருவாட்டை மூன்று உறையில் கட்டிக் கொடுத்திருந்தார். நவம்பரில் ஒரு நாள் ஆசையாக வறுத்தேன். குளிருக்காக வீடு முழுக்க அடைத்திருக்கிறது, அடுப்படிக்குப் பக்கத்து நடையில் எல்லோருடைய கம்பளிக் கோட்டும் தொங்குகிறது. வாரக்கணக்கில் அந்தக் கோட்டுகளில் வாசம் போகவில்லை. அந்த அம்மா அலுவலகத்தில் கூசிப் போனதாகச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, நம் வீட்டுச் சாப்பாட்டை ஒருவர் அப்படிச் சொன்னால் வலிக்கும்தானே. கருவாடு கொண்டுபோங்கள், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் வறுக்காமல் மூடி போட்டுக் குழம்பு வையுங்கள், கோட்டுகளை வேறு அறைக்கு மாற்றிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து.

நெருக்கடி மெதுவாகத்தான் வந்தது. அந்த அம்மாவுக்கு வேலையில் இடம் மாறியது, காலை ஆறரைக்கே கிளம்ப வேண்டும். பிள்ளைகளைக் கிளப்புவது முழுக்க என் கைக்கு வந்தது. பனிக்காலத்தில் ஒரு சின்னப் பிள்ளையை வெளியே கூட்டிப்போவது லேசுப்பட்ட வேலை இல்லை. கம்பளிக் காலுறை, அதன் மேல் பேண்ட், அதன் மேல் கழுத்திலிருந்து கால் வரை ஒரே உடையாக வரும் பனிச்சட்டை, பூட்ஸ், தொப்பி, கையுறை. எல்லாம் மாட்டி ஜிப்பை இழுத்து முடித்த நிமிடம் அது ஒன்றுக்கு வருகிறது என்று நெளியும். மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அதற்குள் பையன் வாசலில் நின்று வியர்த்து அழுவான். குழந்தைகள் காப்பகத்தில் ஆள் பற்றாக்குறை என்று மதியமே அனுப்பிவிடுவார்கள், அப்போதிருந்து இரவு வரை நான்தான். பிறகு வெள்ளிக்கிழமைகளில் பாட்டி வீட்டைத் துடைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். பிறகு சனிக்கிழமை இரவுகள். பிறகு எல்லோருடைய துணிகளையும் தேய்ப்பது. என் மொழி வகுப்பு செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் கஸ்ஸலில். அந்த ஊருக்கு மணிக்கு ஒரு பஸ், அதைப் பிடிக்க முடியாமல் வகுப்பே நின்றுபோனது. "வகுப்புக்குத்தான் போகவில்லையே" என்று அந்த வகுப்புப் பணமும் நின்றது. கைச்செலவுப் பணத்தில் சாப்பாட்டுக்கும் போனுக்கும் என்று ஒரு மாதம் 60, ஒரு மாதம் 80 பிடித்தார்கள். நான் ஊருக்கு அனுப்பியது அடகு வட்டிக்கே சரியாக இருந்தது.

ஏன் கேட்கவில்லை என்று நினைப்பீர்கள். அம்மாவிடம் ஒரு நாள் மெல்லச் சொன்னேன். "சோறு போடுற வீட்டுல கணக்குப் பாக்காத தாயி, அது பாவம்" என்றார். எங்கள் வளர்ப்பு அப்படி. உப்புத் தின்ற வீட்டில் எதிர்த்துப் பேசக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே ரத்தத்தில் ஊறியிருக்கிறது, அது நல்ல வளர்ப்பும்கூட. ஆனால் அந்த வளர்ப்பை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் ஒரு வீட்டுக்குள் நுழைகிற பெண்ணுக்கு வாய் கட்டிப் போய்விடுகிறது. அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். டிசம்பர் 6 அங்கே புனித நிக்கோலஸ் திருநாள். முந்தின இரவு பிள்ளைகள் பூட்ஸைத் துடைத்து வாசலில் வைப்பார்கள், காலையில் அதற்குள் மிட்டாயும் கொட்டையும் இருக்கும். நான் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது நாலு ஜோடிக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக என் பூட்ஸும் இருந்தது. பையன் அதைத் தன் கையாலேயே துடைத்து வைத்திருக்கிறான், பாலிஷ் அவன் சட்டையெல்லாம் அப்பியிருந்தது. இப்படி ஒரு பிள்ளை இருக்கும் வீட்டில் உட்கார்ந்து மணிக்கணக்கு பேச எப்படி மனசு வரும்? கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் உருளைக்கிழங்கு சாலடும் சாசேஜும் வைத்து, எனக்கு ஒரு கம்பளி ஸ்வெட்டரும் கொடுத்தார்கள். ஜனவரியில் வேலை இன்னும் கூடியது. நாலரைக்கே இருட்டிவிடும். ஊரில் அப்போது ராத்திரி ஒன்பது மணி, அப்பா தூங்கியிருப்பார். ஹீட்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுவேன், எதற்கு என்று எனக்கே சொல்லத் தெரியாது.

திருப்பம் ஒரு கடையில் வந்தது. கஸ்ஸலில் அரிசி, பருப்பு விற்கும் ஒரு ஆசியக் கடையில் ஈழத்து அக்கா ஒருவரைப் பார்த்தேன். நான் தமிழில் போன் பேசுவதைக் கேட்டு அவராகவே வந்து பேசினார். கதையைக் கேட்டுவிட்டு, "என்ன பிள்ளை, ஒப்பந்தத்தை ஒருக்கா வாசிச்சுப் பாத்தனீங்களோ?" என்று கேட்டார். என்னிடம் ஏஜென்ட் கொடுத்தது கையெழுத்துப் பக்கம் மட்டும். முழு ஒப்பந்தத்தையும் வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கச் சொன்னார். அவர் மறுக்காமல் ஒரு நகல் எடுத்துக் கொடுத்தார். அந்த அக்கா வரி வரியாகப் படித்துச் சொல்லச் சொல்ல, மேலே நான் எழுதிய எண்கள் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. பாட்டி வீட்டைத் துடைப்பது ஓ-பேரின் வேலையே அல்ல. வீட்டில் உடம்பு முடியாதவரைப் பார்த்துக்கொள்வதும் அல்ல. தயவுசெய்து ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் ஊரிலேயே வாங்கி, தெரிந்தவர் யாரையாவது வைத்துத் தமிழில் படித்துக் கேளுங்கள். காப்பீட்டுத் தாளையும் சேர்த்து. என் காப்பீட்டில் பல் வலிக்கு வலியை நிறுத்தும் சிகிச்சை மட்டும்தான் இருந்தது. பல் தொந்தரவு இருந்தால் கிளம்பும் முன்பே ராமநாதபுரத்தில் பார்த்துவிடுங்கள்.

அந்த அக்கா சொன்ன இன்னொரு யோசனைதான் என்னைக் காப்பாற்றியது. ஒரு சின்ன நோட்டில் தேதி, ஆரம்பித்த மணி, முடித்த மணி, என்ன வேலை என்று தினமும் எழுதச் சொன்னார். எழுதினேன். 45 மணி தாண்டாத வாரமே அபூர்வம். பிறகு, பிள்ளைகள் தூங்கியபின் அரை மணி நேரம் பேச வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டேன். அங்கே அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, நாள் குறித்து உட்கார்ந்து பேசுவதுதான் அவர்கள் பழக்கம். சமையல் நடக்கும்போதோ கோபத்திலோ பேச்செடுக்காதீர்கள். நோட்டை மேசையில் வைத்தேன். வீட்டுக்காரர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார், எதுவும் சொல்லவில்லை. அந்த அம்மா அழுதுவிட்டார். "உன்னை எங்கள் வீட்டுப் பெண்ணாக நினைத்தோமே" என்றார். எனக்கும் அழுகை வந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில், பிள்ளைகளை எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் வகுப்புக்குப் போக வேண்டும், ஞாயிறு வேண்டும், பிடித்த பணம் வேண்டும் என்று மூன்றை மட்டும் சொன்னேன். பிடித்த பணத்தில் பாதி வந்தது. வேலை கொஞ்ச நாள் குறைந்து மறுபடி ஏறியது. பிப்ரவரி கடைசியில், இரண்டு வாரத்தில் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஏஜென்டுக்குப் போன் போட்டால் "அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா" என்றார்கள், அடுத்த போனை எடுக்கவேயில்லை.

இந்த இடத்தில் நிறையப் பேர் பயந்துபோய் டிக்கெட் போட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டியதில்லை. ஓ-பேர் குடும்பம் மாறலாம். ஒப்பந்தம் முறிந்ததை வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும், புதுக் குடும்பத்தின் ஒப்பந்தத்தைக் கொண்டுபோய் அனுமதியை மாற்றி வாங்க வேண்டும். மொத்தக் காலம் ஒரு வருடம்தான், குடும்பம் மாறினாலும் அது நீளாது, அதனால் ஒரு நாளையும் வீணாக்காதீர்கள். இன் வியா என்ற கத்தோலிக்க அமைப்பு ஓ-பேராக வரும் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் பணியை நெடுங்காலமாகச் செய்துவருகிறது, நான் அவர்களிடம் பேசிய பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. இடைப்பட்ட நாட்களில் அந்த அக்கா வீட்டில் தங்கினேன். ஒரு காசு வாங்கவில்லை, மூன்று வேளையும் சோறு போட்டார்.

இரண்டாவது குடும்பத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை, எல்லாம் சரியாக நடந்த வீட்டைப் பற்றி என்ன எழுதுவது? வீடியோ அழைப்பிலேயே நான் ஒரு வாரத்தின் நேர அட்டவணையைக் கேட்டேன், அவர்கள் எழுதி அனுப்பினார்கள். அவர்களிடம் முன்பு இருந்த பெண்ணின் எண்ணையும் கேட்டு, அவளிடமும் பேசினேன். குடும்பம் தேர்ந்தெடுக்கும்போது இந்த இரண்டையும் கண்டிப்பாகக் கேளுங்கள். முந்தைய ஓ-பேரின் எண்ணைத் தர மறுக்கிற வீட்டுக்கு நான் போக மாட்டேன். மொழி வகுப்பில் மறுபடி சேர்ந்து, ஊர் திரும்பும் முன் மூன்றாம் நிலையான பி1 பாஸ் செய்தேன். அடுத்த ஜூலையில் வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் திருவிழாவுக்கு அம்மா மீட்ட செயினைப் போட்டுக்கொண்டு வந்தார். வளையல் இன்னும் வரவில்லை.

அனுப்பும் அப்பா அம்மாக்களுக்கு ஒன்று. போனில் "சாப்பிட்டியா, குளிரா இருக்கா" என்பதோடு நிறுத்தாதீர்கள். இன்றைக்கு எத்தனை மணிக்கு வேலை முடிந்தது, வகுப்புக்குப் போனாயா, இந்த வாரம் எந்த நாள் லீவு என்று கேளுங்கள். பிள்ளை தானாகச் சொல்லாது.

இப்போதே அப்படி ஒரு வீட்டில் மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் சொல்கிறேன். பாஸ்போர்ட் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும், பத்திரத்துக்கு என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஒப்பந்தம், விசா, காப்பீடு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். ஹெஸ்ஸனில் இருந்தால் பிராங்க்பர்ட்டில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, மற்றவர்களுக்கு பெர்லின், மியூனிக், ஹாம்பர்க். வெளியுறவுத் துறையின் மதத் (MADAD) என்ற இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். யாராவது அடித்தாலோ, தவறாகத் தொட்டாலோ, பூட்டி வைத்தாலோ ஒரு நிமிடம்கூடப் பொறுக்காமல் போலீஸின் 110 எண்ணுக்குப் போன் போடுங்கள். பெண்களுக்கென்று 116 016 என்ற எண்ணும் உண்டு. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது, ஆங்கிலத்திலும் பேசலாம், உங்கள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.